ஒரு புள்ளிக்கோடு

பிறர் வீட்டுக் கதையைக் கேட்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவள் நான். அதற்குச் சம்பளமும் வாங்கினேன், பட்டமும் வாங்கினேன். ஊட்டியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது, சுதந்திரத்துக்குப் பிறகு நீலகிரிக்குக் குடிவந்த குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்யப் பதிவு செய்துகொண்டேன். யார் எங்கிருந்து வந்தார்கள், யாரோடு வந்தார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், பிள்ளைகள் எந்தெந்த ஊருக்குச் சிதறினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. என் அம்மாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

"அடுத்த ஊட்டுச் சமாச்சாரத்தைத் தெரிஞ்சுக்க மூணு பஸ் மாறிப் போகோணுமா? இங்க மார்க்கெட்டுல ஒரு மணி நேரம் நின்னா தானா வந்துருமே" என்பாள்.

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் அப்போது யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. குடும்ப வரலாறு என்பது வம்பு அல்ல, ஒரு துறை என்ற ஞானம் எனக்குப் புதிதாக வந்திருந்தது. ராஜாக்களும் கவர்னர்களும் போய்விட்ட பிறகு ஒரு நாட்டின் சரித்திரத்தை ரேஷன் கார்டிலும் பிறப்புப் பதிவேட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் தேட வேண்டும் என்று வகுப்பில் முழங்குவேன். முன்பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்டுகளை இப்போது யாராவது காட்டினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

எங்கள் வேலையின் முக்கியமான கருவி குடும்ப வரைபடம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, பெற்ற பிள்ளைக்கு மேலிருந்து இறங்கும் நேர்க்கோடு. எடுத்து வளர்த்த பிள்ளை என்றாலோ, உறவு நிச்சயமில்லை என்றாலோ, புள்ளிக்கோடு. கோயம்புத்தூரில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் இதில் மகா கண்டிப்பு. "படத்துல ஒரு கோடு தப்பாப் போச்சுன்னா தீசிஸே தப்பாப் போயிரும், பாத்துக்கங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவார்.

தோட்டத்து ஜனங்களிடம் இதை விளக்க ஒரு மாதிரி தேவைப்பட்டது. அதனால் எங்கள் குடும்பத்தையே வரைந்து கையில் வைத்திருந்தேன். அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து ஊட்டி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்த அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, அவருக்குப் பிறகு மண்டியை நடத்திய என் அப்பா, அம்மா, நான், என் அண்ணன், அவன் பிள்ளைகள். நான்கு தலைமுறை, எல்லாம் நேர்க்கோடு, கறுப்பு மையில் அச்சடித்தது போல இருக்கும்.

ஆனால் என் அப்பாவுக்கு ஊட்டியை அடுத்த எமரால்டு என்ற ஊரில் இன்னொரு வீடு இருந்தது. உருளைக்கிழங்கும் கேரட்டும் எடுக்க வாரத்தில் இரண்டு நாள் போவார், அதில் ஒரு நாள் திரும்ப மாட்டார். அங்கே அவருக்கு ஒரு மகளும் இருந்தாள், என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள். அப்பா இறந்த அன்று அவள் வந்திருந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களின் வீட்டுப் பெண்களோடு வெளி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பாவின் நெற்றி அவளுக்கு அப்படியே இருந்தது. "அது காய் கொண்டு வர்றவங்க ஊட்டுப் புள்ளை" என்று அம்மா என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியும். நான் தலையாட்டினேன். பிறகு படம் வரையும்போது அவளை நான் போடவில்லை. நேர்க்கோடாகவும் போடவில்லை, புள்ளிக்கோடாகவும் போடவில்லை. அது வெறும் மாதிரிப் படம்தானே, ஆய்வில் சேராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை சுலபமாக அது முடிந்ததுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தேவர்சோலைக்கு அப்பால், அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தின் ஒரு டிவிஷனில் என் ஆய்வின் பாதி நடந்தது. சிலோன் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்கள் அங்கே லயங்களில் குடியிருந்தார்கள். லயம் என்றால் பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் வரிசை. அரசாங்கங்கள் தலைக்கணக்குப் போட்டுத்தான் பிரித்துக்கொண்டன. ஆனால் கப்பலில் ஏற்றியது குடும்பம் குடும்பமாக. குடும்பத்துக்கு ஒரு கார்டு. அதில் பெயர் இருந்தவர் வந்து சேர்ந்தார், பெயர் இல்லாதவர் அக்கரையில் நின்றார். அந்தக் கார்டை எல்லா வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடம், வேலை, ரேஷன், சாதிச் சான்றிதழ், எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

சனிக்கிழமைதோறும் ஊட்டியில் பஸ் ஏறி, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கி, வேறு பஸ் மாறிப் போவேன். மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடப்பேன். என்னை அந்த ஜனங்கள் மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள். நாற்காலி இருக்கிற வீட்டிலிருந்து வாங்கிவந்து போடுவார்கள். நானும் அதில் உட்கார்ந்து, எங்கள் குடும்பப் படத்தை விரித்துக் காட்டி, "இந்த மாதிரி உங்களுக்கும் வரைஞ்சு தரேனுங்க" என்பேன்.

மூன்றாவது லயத்தின் கோடி வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தேயிலை பேக்டரியில் வேலை செய்யும் மகன், கொழுந்து எடுக்கும் மருமகள், பிளஸ் டூ படிக்கும் பேத்தி. நான் போன அன்று மூவரும் வெளியே போயிருந்தார்கள். பெரியவர் என் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல குடும்பம் டீச்சர். எல்லாம் நேரா இருக்கு தானே" என்று திருப்பிக் கொடுத்தார்.

என் கேள்விப் பட்டியலில் ஒன்று, பிறந்து இறந்த குழந்தைகள் எத்தனை என்பது. கேட்டேன். "ஒண்ணு" என்றார். பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று முன்பே கேட்டதற்கும் "ஒண்ணு" என்றுதான் சொல்லியிருந்தார். கார்டிலும் ஒரு மகன் பெயர்தான் இருந்தது. இந்த இடத்தில் நல்ல பெண்ணாக இருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். நான் போகவில்லை. "ஒருத்தர் பொறந்து ஒருத்தர் எறந்துட்டார்னா, உங்க மகன் எப்படீங்க?" என்று கேட்டேன். அவர் கார்டை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றினார். நான் விடவில்லை, வேறு வேறு விதமாகக் கேட்டேன். அப்படிக் கேட்பதில் எனக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு என்று துறையில் பெயரே இருந்தது.

கடைசியில் அவர் வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்களுக்கு ஒரு பய பொறந்திருந்தான் டீச்சர். பேப்பர் எல்லாம் எழுதிக் குடுத்து, கார்டும் வந்த பொறகு காய்ச்சல்ல போயிட்டான். லயத்துல பக்கத்துக் காம்பரா ஊட்டுல ஒரு பொம்பளை இருந்தா, புருசன் இல்லை. அவளும் அதே காய்ச்சல்ல போயிட்டா. அவ புள்ளை எங்க ஊட்டுக்காரி காலைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு பயலுக்கும் ஒரே வயசுதான். எங்களுக்குக் கப்பலுக்கு நாளு சொல்லியாச்சு. இந்தப் பக்கம் கார்டுல பேரு இருக்கு, பய இல்லை. அந்தப் பக்கம் பய இருக்கான், கார்டு இல்லை. என்னா செய்யிறது, நீங்களே சொல்லுங்க."

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அவ எந்தச் சாதி ஆளுங்கன்னுகூட நாங்க கேட்டதில்லை. செத்த புள்ளை பேரைச் சொல்லி இவனைக் கூப்பிட எங்க ஊட்டுக்காரி ஒரு வருசம் அழுதா. பொறகு பழகிருச்சு. இவனுக்கு ஒண்ணும் தெரியாது. பேத்திக்கும் தெரியாது. இங்க ரெண்டு மூணு கெழடுகளுக்குத் தெரியும், அதுங்க வாயைத் தொறக்காதுங்க. நீங்க கார்டுல எப்புடி இருக்கோ அப்புடியே எழுதிக்கங்க டீச்சர்."

"சரிங்க" என்றேன்.

அவர் என் கையெழுத்தைக் கேட்கவில்லை, சத்தியம் கேட்கவில்லை. சரிங்க என்று நான் சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வந்தது துக்கம் அல்ல, சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு நாடு குடும்பம் என்று காகிதத்தில் எழுதிய ஒன்றுக்குள் ஜனங்கள் தங்கள் குடும்பத்தை எப்படி நுழைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் யாருக்குக் கிடைக்கும்? நடுவட்டம் வளைவுகளில் எல்லோரும் வாந்தியை அடக்கிக்கொண்டிருந்தபோது நான் அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

வரைபடம் போடும்போது பெரியவருக்கும் மகனுக்கும் நடுவே புள்ளிக்கோடு போட்டேன். ஆய்வேட்டில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். அதனால் அவருக்குக் கொடுத்த வாக்கு கெடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட இந்தக் கதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த கையோடு எனக்கு ஒரு பெரிய மனசு வந்தது. தகவல் தந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய படத்தைப் பெயர்களோடு பெரிதாக வரைந்து, கெட்டியான தாளில் நகல் எடுத்து, கல்லூரி முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்று. பெரியவர் வீட்டுப் படம் வந்தபோது என் கை நின்றது. புள்ளிகளைச் சேர்த்து நேர்க்கோடு ஆக்க ஒரு இழுப்புப் போதும். ஆனால் ஆய்வேட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு படம் இருந்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்களே என்று பயந்தேன். பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அதற்கும் மேல், அந்த ஜனங்களுக்கு இது எங்கே புரியப்போகிறது என்று ஒரு இளக்காரம். கீழே மூலையில் பொடி எழுத்தில் குறிப்பும் இருந்தது. புள்ளிக்கோடு என்றால் பெற்றெடுக்காத உறவு. அதையும் அப்படியே விட்டேன்.

படங்களைக் கொடுக்கப் போன அன்று, தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுகிற களத்தில் எல்லோரும் வந்து நின்றார்கள். பெரியவரின் மகன் தன் படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நாற்பதை நெருங்கும் மனிதர். கறுத்து, ஒல்லியாக, பேக்டரித் தூசி புருவத்தில் ஒட்டியிருக்கும். "இந்த முக்கோணம் நான்தானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கீழ இருக்கிற வட்டம் என் மகளா?" ஆமாம். அவர் அதைச் சுருட்டாமல் விரித்தபடியே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வாரமே கூடலூரில் பிரேம் போட்டு மாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருடம் பேத்தி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். அந்த லயத்தில் அவ்வளவு மார்க் யாரும் வாங்கியதில்லை. நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட வேண்டும், அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தகப்பனின் சாதிதான் பிள்ளையின் சாதி, தகப்பனுக்கு ஆதாரம் பெரியவரின் கார்டு. கார்டு மட்டும் போயிருந்தால் பத்து நாளில் சான்றிதழ் வந்திருக்கும். ஆனால் மகன் கார்டோடு என் படத்தையும் பிரேமிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். காலேஜ் டீச்சர் முத்திரை குத்திக் கொடுத்தது, இருந்தால் இன்னும் பலம்தானே என்று நினைத்தார். அங்கே மனு வாங்கியவர் படத்தைப் பார்த்தார், மூலையில் இருந்த பொடி எழுத்தையும் படித்தார். அவர் தன் வேலையைத்தான் செய்தார். நான்தான் அத்தனை தெளிவாக எழுதி வைத்திருந்தேனே.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பெரியவரின் மகன் கல்லூரிக்கு வந்தார். நான் ஸ்டாப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். படத்தைச் செய்தித்தாளில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"சோறு தின்னுங்க டீச்சர், நான் நிக்கிறேன்" என்றார்.

"பரவாயில்லீங்க, சொல்லுங்க."

மேஜைமேல் படத்தை விரித்து, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். "எல்லாருக்கும் நேர்க்கோடு இருக்கு. எனக்கு மட்டும் இது ஒடைஞ்சு ஒடைஞ்சு வருது. ஆபீஸ்ல கேக்குறாங்க. எழுதுறப்போ கை தப்பிருச்சுங்களா டீச்சர்?"

அவரே வழி சொன்னார். திங்கட்கிழமை விசாரணை வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு தடவை வந்து, இது தப்பாக விழுந்த கோடு என்று சொன்னால் போதும். வர முடியாவிட்டால் அப்படி ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்கள். மகளுக்கு மனுப் போடக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.

ஒரே ஒரு வாக்கியம். கோடு தவறாக வரையப்பட்டது. எழுத ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அடுத்த மாதம் எனக்கு வாய்மொழித் தேர்வு இருந்தது. என் படம் தவறு என்று என் கையாலேயே எழுதிய கடிதம் சுற்றிச் சுற்றிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்? அந்த அத்தியாயம்தான் ஆய்வேட்டின் உயிர் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். என் மண்டைக்குள் அவர் குரல் மட்டும்தான் கேட்டது, எதிரில் நின்றவரின் குரல் கேட்கவில்லை.

"திங்கட்கிழமை எனக்கு எக்ஸாம் டூட்டிங்க" என்றேன். அது பொய். "லெட்டர் எழுதித் தரேனுங்க."

எழுதினேன். இந்த வரைபடம் கள ஆய்வில் பெறப்பட்ட தகவல்களின் அடிப்படையில் முற்றிலும் ஆய்வு நோக்கத்துக்காகத் தயாரிக்கப்பட்டது, இதனைச் சட்டபூர்வமான ஆவணமாகக் கருத வேண்டியதில்லை. கையெழுத்து, முத்திரை. அவர் வாங்கி, உதடு அசைய இரண்டு தடவை படித்தார்.

"கோடு தப்புன்னு இதுல எழுதலீங்களே டீச்சர்?"

"இதுவே போதுமுங்க. அவங்களுக்குப் புரியும்."

"அப்ப தப்பு இல்லீங்களா?"

நான் டிபன் பாக்ஸின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துப் படத்தைப் பழையபடி செய்தித்தாளில் சுற்றினார். "போயிட்டு வாறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒருவருக்குத் தெரியாமல் காப்பாற்றிய விஷயம், நான் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணையில் என்ன நடந்தது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஊர் ஊராகப் போய் ஆயிரம் கேள்வி கேட்ட எனக்கு, அதைக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

வாய்மொழித் தேர்வு அமர்க்களமாக நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் படம் இருந்த பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "வேற யாராவது இருந்தா இதை நேர்க்கோடாப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. உங்க நேர்மையைப் பாராட்டறேன்" என்றார். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா பாயசம் வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை. பட்டம் வாங்கிய களைப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் தேவர்சோலைப் பக்கமே போகவில்லை. கல்லூரியில் வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ரோடு சரியில்லை என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. காரணம் கண்டுபிடிப்பதிலும் நான் கெட்டிக்காரி. கடைசியில் ஒரு நாள், என்ன தோன்றியதோ, அந்தக் குடும்பத்தின் படத்தைத் திரும்ப வரைந்தேன். பெரியவருக்கும் மகனுக்கும் நடுவே நேர்க்கோடு. குறிப்பு எதுவும் இல்லை. நல்ல தாள், முத்திரை, கையெழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் குழாயில் சுருட்டிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகளைக் கூடலூர்வரை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

மகன் வீட்டில் இருந்தார். பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார், கண் இரண்டும் மங்கிப்போயிருந்தது. "யாரு?" என்று கேட்டார். "காலேஜ் டீச்சர் வந்திருக்காங்கப்பா" என்றார் மகன். அப்பா என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னை யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. மருமகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் கேட்காமலே மகன் சொன்னார், யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததைப் போல. விசாரணை அன்றைக்கு லயமே வேலைக்கு லீவ் போட்டுவிட்டு வந்திருந்தது. எல்லோரும் இவர் அவர் மகன்தான் என்று சொன்னார்கள். அப்போது அதிகாரி என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். கள ஆய்வில் பெறப்பட்ட தகவல் என்று இருக்கிறதே, இந்தத் தகவலைக் கொடுத்தது யார் என்று கேட்டார். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள்.

"அப்பா எந்திரிச்சு, என் மகன், கார்டப் பாருங்கன்னாரு. பெத்த மகனான்னு கேட்டாங்க. என் மகன், கார்டப் பாருங்கன்னாரு. எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொன்னாரு. அதுக்கு மேல அவருக்குப் பொய் சொல்லத் தெரியலை" என்றார்.

சான்றிதழ் ஒன்றரை வருடம் கழித்து வந்ததாம். வந்து என்ன, மனுப் போடுகிற நாளெல்லாம் போய்விட்டிருந்தது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், மாதம் ஒரு முறை வருகிறாள். "கை வேகமுன்னு அங்க சொல்றாங்களாம்" என்றார்.

நான் ஒப்பித்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. குழாயிலிருந்து புதுப் படத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை, சுவரைக் காட்டினார். "அது இருக்குங்களே டீச்சர்."

பழைய படம் அதே பிரேமில் அதே ஆணியில் மாட்டியிருந்தது. எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். புள்ளிகளை யாரோ நீலப் பால்பாயிண்ட் பேனாவால் ஒன்றோடொன்று சேர்த்து, ஸ்கேல் வைத்து இழுத்திருந்தார்கள். அழுத்தி அழுத்தி நாலைந்து தடவை இழுத்ததில் தாள் அந்த இடத்தில் பள்ளமாகியிருந்தது. மூலையில் என் குறிப்பு இருந்த இடம் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது.

"யார் போட்டதுங்க?"

"மகதான். திருப்பூருக்குப் போற அன்னைக்கு."

என் படத்தைத் திரும்பச் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டேன். மன்னிச்சுக்கங்க என்று சொன்னேன், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. அவர் பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார். மழை தூறியது. தன் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் தோள் முழுக்க நனைந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து எங்கள் குடும்பப் படத்தை எடுத்தேன். அதை எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்கு விரித்துக் காட்டியிருப்பேன், எல்லாம் நேராக இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். ஒரு பெண் பனியன் கம்பெனிக்குப் போகும் முன் ஸ்கேல் வைத்துச் சரிசெய்யவாவது அவர்கள் படத்தில் புள்ளிகள் இருந்தன. எங்கள் படத்தில் அதுவும் இல்லை. பேனாவை எடுத்து அப்பாவிலிருந்து ஒரு நேர்க்கோடு இறக்கினேன். எனக்கும் அண்ணனுக்கும் பக்கத்தில், அதே அளவில் ஒரு வட்டம் போட்டேன்.

அக்கரையில் செத்துப்போன குழந்தையின் பெயர்வரை கேட்டு வாங்கி எழுதியவள் நான். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் எமரால்டில் இருக்கிறவளின் பெயரை இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்டதில்லை. வட்டத்துக்குள் எழுத எனக்குப் பெயர் தெரியவில்லை.